தேனில் சீனி படிவது ஏன்?

குற்றாலத்துச் சாரலில் வாங்கிவந்த மலைத்தேன் மார்கழியில் அடி வெளுத்து, கரண்டியில் ஏறாமல் கெட்டிப்பட்டால் திருநெல்வேலி வீடுகளில் முதலில் எழும் பேச்சு, ‘சீனிப்பாகைக் கலந்துவிட்டார்கள்’ என்பதுதான். பாபநாசம் மலையில் தேன் எடுக்கும் காணி மக்கள் மீதும் இந்தப் பழி விழுகிறது. பெரும்பாலும் அது வீண்பழி.

100 கிராம் தேனில் நீர் 18 முதல் 20 கிராம்வரை இருக்கும். மீதி ஏறக்குறைய எல்லாமே சர்க்கரை. அதில் குளுக்கோஸ் மட்டும் 30 கிராம் அளவு. நம் அறை வெப்பத்தில் நீர் ஏறத்தாழ தன் எடையளவு குளுக்கோஸைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆக, தேனில் கொள்ளளவுக்கு மீறிய குளுக்கோஸ் எப்போதுமே இருக்கிறது. இன்னொரு சர்க்கரையான ஃப்ரக்டோஸ் நீரில் மிக எளிதாகக் கரைவதால் படிவதில்லை. அடியில் வெள்ளையாகத் தெரிவது, நீரோடு சேர்ந்து படிகமான குளுக்கோஸ்.

மிகுதியாக இருந்தாலும் படிகம் தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும். பனங்கற்கண்டு எடுப்பவர்கள் காய்ச்சிய பாகில் நூல் கட்டி, வாரக்கணக்கில் அசைக்காமல் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். கற்கண்டு அந்த நூலைப் பற்றித்தான் வளரும். தேனில் மகரந்தத் துகளும் மெழுகுத் துணுக்கும் காற்றுக் குமிழியும் அந்த நூலின் வேலையைச் செய்கின்றன. அதனால்தான் துணியில் வடித்த நாட்டுத்தேன் சீக்கிரம் உறைகிறது. சூடாக்கி நுணுக்கமாக வடிகட்டிய கடைத்தேன் நெடுநாள் இளகியே நிற்கிறது. உறைந்தால் சுத்தமான தேன் என்று முடிவுகட்டவும் கூடாது. கலப்படப் பாகும் உறையலாம்.

எந்தப் பூவின் தேன் என்பதும் முக்கியம். குளுக்கோஸ் மிகுந்த ரப்பர் தேன் விரைவாக உறையும். வெப்பமும் அப்படித்தான். 14 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர்ச்சியில் படிகம் வேகமாக வளரும். தேன்கூட்டின் நடுப்பகுதி 35 டிகிரி அளவில் இருப்பதால் அங்கே தேன் இளகியே இருக்கிறது. நம் சித்திரை வெயிலிலும் உறைவது அரிது. ஆகவே தேனை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம்.

உறைந்த தேனை அப்படியே தோசையில் தடவிச் சாப்பிடலாம், ருசியில் குறையில்லை. இளக்கத்தான் வேண்டுமென்றால், கை பொறுக்கும் சூட்டில், அதாவது 40 முதல் 45 டிகிரி வெந்நீரில், பாட்டிலை நிறுத்தி அவ்வப்போது கிளறுங்கள். நீர் ஆறினால் மாற்றுங்கள். அரை மணியோ அதற்கு மேலோ ஆகலாம், பொறுமை வேண்டும். படிகம் முழுவதும் கரையட்டும், மிஞ்சிய துணுக்கு மறுபடி வித்தாகிவிடும். அடுப்பில் நேராக வைத்துக் காய்ச்சுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மணம் போய்விடும், நொதிகள் அழிந்துவிடும், நிறமும் கறுக்கும்.

கவனிக்க வேண்டியது மேலே நிற்கும் நீர்த்த தேனை. குளுக்கோஸ் படிகம் தன்னோடு கொண்டுபோகும் நீர், அதன் எடையில் பதினொன்றில் ஒரு பங்குதான். குளுக்கோஸ் இறங்க இறங்க மேலே நீரின் பங்கு கூடுகிறது. அங்கே ஈஸ்ட் பெருகும். நம் அடுக்குத்தேனீயின் தேனில் இயல்பாகவே ஈரம் அதிகம் என்பதால் இது சீக்கிரம் நேரும். ஈரக் கரண்டி போடாமல், மூடியை இறுக்கி வையுங்கள். நுரைத்துப் புளித்த வாடை வந்துவிட்ட தேனை எந்தச் சூடும் பழைய நிலைக்குக் கொண்டுவராது.