சுவாஹிலிக் கரையைக் கட்டிய காற்று

சுவாஹிலிக் கரை எனப்படும் கென்யா, தான்சானியா கடற்கரையில் வருஷத்துக்கு இரண்டு காற்று. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து அடிப்பது கஸ்காசி. ஏப்ரலில் திசை திரும்பி, செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வீசுவது கூசி. நமக்கு மழை கொண்டுவரும் பருவக்காற்றுகளின் ஆப்பிரிக்கப் பக்கம்தான் இவை.

நிலம் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். கடல் இரண்டிலும் மெதுவு. கோடையில் ஆசிய நிலப்பரப்பு கொதிக்கும்போது அங்கே காற்றழுத்தம் குறைந்து, கடல்காற்று அதை நோக்கி ஓடுகிறது. குளிர்காலத்தில் நேர்மாறு. பூமி சுழல்வதால் அந்தக் காற்று நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வலப்பக்கமும், தெற்கே இடப்பக்கமும் வளைகிறது.

இதை மதிக்காதவர்கள் பட்ட பாட்டுக்கு வாஸ்கோ ட காமாவே சாட்சி. 1498 ஏப்ரலில், இன்றைய கென்யாவின் மாலிந்தியில் உள்ளூர் நிலவரம் தெரிந்த வழிகாட்டியோடு கிளம்பி, மூன்றே வாரங்களில் கேரளக் கரையைக் கண்டார். திரும்பும்போது கஸ்காசி நிலைகொள்ளும் முன்பே, அக்டோபர் தொடக்கத்தில் புறப்பட்டார். அதே கடலைத் தாண்ட மூன்று மாதம். மாலுமிகள் பலர் ஸ்கர்வி நோயில் செத்தார்கள்.

அரபு, பாரசீக, குஜராத்தி வணிகர்கள் இந்தத் தப்பைச் செய்யவில்லை. கஸ்காசியில் வந்து, தந்தம், தங்கம், கண்டல் மரக்கழி ஏற்றிக்கொண்டு கூசியில் திரும்பினார்கள். கஸ்காசி தெற்கே போகப் போக வலுவிழக்கும். ஒரே வருஷத்தில் வந்து திரும்பக்கூடிய எல்லை ஏறக்குறைய இன்றைய தான்சானியாவின் கில்வா தீவு. அதற்கும் தெற்கே, இன்றைய மொசாம்பிக்கின் சோஃபாலா துறைமுகத்தில் இறங்கிய ஜிம்பாப்வே பீடபூமித் தங்கம் கில்வாவின் கைக்கு வந்ததில் இந்தக் காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. 1331-இல் கில்வாவுக்குப் போன மொராக்கோ பயணி இப்னு பதூதா அதன் அழகை மெச்சியிருக்கிறார்.

ஜூன், ஜூலையில் கூசி மிக மூர்க்கம். அதற்குள் கிளம்பாதவர்கள் ஆகஸ்ட் கடைசி வரை துறைமுகத்திலேயே தங்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்புதான் சுவாஹிலி சமூகத்தையே வார்த்தது என்பேன். தங்கியவர்கள் உள்ளூரில் பெண் எடுத்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள். 2023-இல் வெளியான பழங்கால டி.என்.ஏ. ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது: கி.பி. 1000 வாக்கில் தொடங்கிய கலப்பில் தாய்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்கா, தந்தைவழி பெரும்பாலும் பாரசீகம்.

ஆனால் மொழி தாய்மார் பக்கமே நின்றது. சுவாஹிலியின் இலக்கணம் முழுக்க பாண்டு, அதாவது ஆப்பிரிக்காவின் ஒரு பெரிய மொழிக் குடும்பம். அரபுச் சொற்கள் ஏராளமாக வந்தும் அந்த எலும்புக்கூடு அசையவில்லை. எண்களைப் பாருங்கள்: மோஜா, ம்பிலி, டாடு, ந்னே, டானோ என்று ஐந்து வரை பாண்டு. ஆறும் ஏழும் அரபு, எட்டு பாண்டு, ஒன்பது அரபு, பத்து மறுபடியும் பாண்டு.