உறைவிடக் கல்லூரி: சொல் விளக்கம்

'ரெசிடென்ஷியல் காலேஜ்' என்பதை 'விடுதியுள்ள கல்லூரி' என்று பெயர்த்துவிடுவோர் உண்டு, அது பொருந்தாது. பல்கலைக்கழகத்துக்குள் இயங்கும் இவ்வகைக் கல்லூரி, மாணவரும் ஆசிரியர் சிலரும் ஓரிடத்தில் வசித்து, ஒரே கூடத்தில் உண்டு, தமக்கென நூலகமும் தலைவரும் கொண்டு வாழும் ஒரு குழுவாகும். பட்டம் வழங்குவதோ பல்கலைக்கழகம்.

'காலேஜ்' என்பதன் மூலம் 'கொலேகியம்' என்னும் லத்தீன் சொல். ஒரே பொறுப்பில் உடன் அமர்த்தப்பட்டவர் 'கொலேகா'. அத்தகையோர் கூடிய அமைப்பு கொலேகியம். ரோமானியரிடையே பூசகர் குழுவும் கைவினைஞர் சங்கமும் இப்பெயரைப் பெற்றிருந்தன. கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்குருக்களான கர்தினால்களின் அவைக்கு இப்பெயர் இன்றும் வழங்குகிறது. ஆகவே இச்சொல் முதலில் சுட்டியது ஆட்களையே. கட்டடத்தைச் சுட்டியது பிற்பாடு.

1264இல் வால்ட்டர் டி மெர்ட்டன் நிறுவி, 1274ஆம் ஆண்டு விதிகளின்படி ஆக்ஸ்போர்டில் நிலைபெற்ற கல்லூரியின் முழுப்பெயர் 'மெர்ட்டன் அறிஞர்களின் இல்லம் அல்லது கல்லூரி' என்ற பொருளில் அமைந்திருப்பது இதற்கு நல்ல சான்று. தொடக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் மேற்படிப்பாளருக்கே இடமளித்தன. இளநிலை மாணவரையும் கல்லூரியின் உறுப்பாகவே ஏற்று உடன் தங்கவைக்கும் முறையை 1379இல் ஆக்ஸ்போர்டில் நிறுவப்பட்ட நியூ காலேஜ் வலுப்படுத்தியது. அமெரிக்காவில் எட்வர்டு ஹார்க்னஸ் என்னும் செல்வந்தரின் நன்கொடையால் ஹார்வர்டு 1930இலும் யேல் 1933இலும் இம்முறையைத் தழுவின. ஆனால் ஹார்வர்டு அவற்றை 'இல்லம்' என்றே அழைத்தது.

தமிழில் 'கல்லூரி' புதுச்சொல் அன்று. சீவக சிந்தாமணியில் பயிலும் இடம் என்ற பொருளில் வருகிறது. 'கல்' என்னும் வினையடி அதில் தெரிகிறது. லத்தீன் சொல் கூட்டத்தைச் சுட்ட, நம் சொல் கற்றலைச் சுட்டுகிறது. கூட்டத்தைக் குறிக்கும் 'கழகம்' மூலப்பொருளுக்கு நெருக்கமானது எனினும், அதைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டுவிட்டது. 'விடுதி' வழிப்போக்கர் தங்கும் இடத்துக்கும் உரிய பெயராகையால், தங்கும் வசதியை மட்டுமே உணர்த்தும்.

பழைய வழக்கில் 'சாலை' என்றொரு சொல் இருந்தது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் அமைத்த சாலையில் 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், உண்டு பயில ஏற்பாடு இருந்தது. பொருளளவில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஆனால் இன்று சாலை என்றால் வண்டி ஓடும் வழியே நினைவுக்கு வரும். எனவே 'உறைவிடக் கல்லூரி' என்பதையே கைக்கொள்ளலாம். வெறும் தங்குமிடத்துக்கு 'மாணவர் விடுதி' இருக்கட்டும்.