சொல் விளக்கம்: சஸ்பென்ஷன்

காரின் 'ரியர் சஸ்பென்ஷன்' என்பதைப் 'பின்புற இடைநீக்கம்' என்று இன்னொரு முறை கேட்டால் பொறுத்துக்கொள்ள முடியாது. பழைய காரைப் பிரித்து வேகத்துக்காக மாற்றிக் கட்டும் 'ஹாட் ராட்' பற்றித் தமிழில் வரும் காணொளிகளில் இந்தச் சொல்தான் ஓடுகிறது. இடைநீக்கம் என்பது மாணவனுக்கோ ஊழியருக்கோ கொடுக்கும் தண்டனை. சஸ்பென்ஷன் என்பது வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கும் சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கும் இடையில் இருப்பது. அதை நீக்கினால் மாதவரத்தில் கிளம்பிய வண்டி மூலக்கடையைத் தாண்டாது.

மூலச்சொல் லத்தீனில் 'தொங்கவிடு' என்ற வினை. ஐரோப்பாவின் பழைய குதிரை வண்டிகளில் பெட்டியைத் தோல் வாரில் தொங்கவிட்டார்கள். வார் போய் வில், அதாவது ஸ்பிரிங், வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, திருத்த வருபவர்கள் என்ன சொல்கிறார்கள்? 'தொங்கல் அமைப்பு'. என் பெரிய சண்டை இதோடுதான். தொங்குபாலம் சரியான சொல், பாலம் உண்மையிலேயே தொங்குகிறது. காரில் எது தொங்குகிறது? ஹாட் ராட் கட்டுபவர்கள் விரும்பித் தேடும் 1932 ஃபோர்டில் பின்பக்கம் குறுக்காக ஒரே வில்; அதன் நடுவில் சேசிஸ் உட்கார்ந்திருக்கும். நம் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் பின்னால் குறுக்கு வில்தான். அம்பாசடருக்கு நீளவாக்கில் இரண்டு. எல்லாமே எடையைத் தாங்குகின்றன.

இது வெறும் சொல் சண்டையும் இல்லை. நீளவாக்கு வில் வைத்தால் அதுவே எடையைத் தாங்கும், அச்சையும் இடத்தில் பிடித்துக்கொள்ளும். சுருள்வில்லுக்கு மாறினால் அது தாங்க மட்டும்தான் செய்யும். அச்சு முன்பின் நகராமலும் உருளாமலும் பிடிக்க அதைச் சேசிஸோடு இணைக்கும் நாலு தண்டு வேண்டும். நாலும் இணையாக இருந்தால் அச்சு பக்கவாட்டில் ஆடும், அதற்குக் குறுக்கே பிடிக்கும் பன்ஹார்ட் தண்டு ஒன்று கூடுதலாகப் போட வேண்டும். மேல் தண்டு இரண்டையும் சாய்த்து முக்கோணமாகக் கட்டினால் அது தேவையில்லை. எது தாங்குகிறது, எது பிடிக்கிறது என்று பார்த்துத்தான் பின்பக்கத்தையே தேர்ந்தெடுக்கிறோம். தொங்கல் என்று தொடங்கினால் கற்றுக்கொள்ள வரும் பையனுக்கு இந்தப் பிரிவே புரியாது.

நான் சொல்வது 'தாங்கல்'. சுமைதாங்கியும் இடிதாங்கியும் எல்லோருக்கும் தெரியும். மனத்தாங்கல் இருக்கிறதே, ஐயப்பன்தாங்கல் இருக்கிறதே, குழப்பம் வராதா என்பார்கள். வராது, பின் தாங்கல், வில் தாங்கல் என்று அடை சேர்த்தால் பொருள் தெளிவு. மணலி பக்கம் ஓடும் டிரெய்லர்களில் வில்லுக்குப் பதில் காற்றுப்பை இருந்தால் அது காற்றுத் தாங்கல். 'வில்லமைப்பு' என்று வைத்தால் அங்கே உதவாது.

பட்டறையில் எல்லோரும் சஸ்பென்ஷன் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே எழுதினாலும் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் பொருள் பார்க்காமல் அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டுபவர்கள் மேல்தான். பட்டை வில்லான லீஃப் ஸ்பிரிங்கை 'இலை வசந்தம்' என்று எழுதியதையும் படித்துவிட்டேன். அடியில் அதே பட்டை வில் வைத்த மாட்டுவண்டியை நம் தாத்தாக்கள் வில்வண்டி என்றார்கள்.