இந்தக் கல்லுக்கு இங்கே என்ன வேலை?

பாறைகளைக் காட்டப் பொதுமக்களை அழைத்துப் போனால் முதலில் வரும் கேள்வி, “இதுக்கு எத்தனை வயசு சார்?” என்பதுதான். கோடி ஆண்டுக் கணக்கைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டுவார்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். அதனால் வயதை நான் கடைசியில்தான் சொல்வேன்.

முதலில், அலைத்தடம் பதிந்த மணற்கல் பலகை ஒன்றைத் தொடச் சொல்வேன். ஓடும் நீர் மணலில் விட்ட வரிகள் அப்படியே இறுகிக் கல்லாகியிருக்கும். வரிகளுக்குக் குறுக்கே விரலை ஓட்டினால் ஒரு பக்கம் மெல்ல ஏறும், மறுபக்கம் சட்டென்று இறங்கும். இறங்கும் பக்கம்தான் நீர் போன திசை. “அப்போ ஆறு இப்படித்தான் ஓடியிருக்கு” என்று யாராவது கையை நீட்டிவிட்டால் போதும், மீதிக் கதையை அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

அங்கிருந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போவேன். கொலம்பியா பீடபூமி எங்கும் எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பசால்ட். அதன்மேல் ஆங்காங்கே வெளிறிய கிரானைட் பாறாங்கற்கள். இந்தக் கல்லுக்கு இங்கே என்ன வேலை? அதே பீடபூமியில் 120 மீட்டர் உயரம், 5 கிலோமீட்டருக்கும் அதிக அகலத்தில் ஓர் அருவி முகடு. விழுவதற்குத்தான் நீர் இல்லை. இதெல்லாம் ஒரு மாபெரும் வெள்ளத்தின் வேலை என்று 1923-ல் ஜே. ஹார்லன் பிரெட்ஸ் எழுதினார். நிலம் மெல்ல மெல்லத்தான் மாறும் என்று நம்பிய சக நிலவியலாளர்கள் ஏற்கவில்லை. அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மடக்கினார்கள்.

விடை கிழக்கே, மொன்டானாவில் இருந்தது. பனியூழியின்போது பனியாறு ஒன்று கிளார்க் ஃபோர்க் ஆற்றை அடைத்து, மிசூலா என்னும் பெரும் ஏரியைத் தேக்கியிருந்தது. அந்த ஏரி கிடந்த தரையில் நிலவியலாளர் ஜோசப் பார்டி 1940-களின் தொடக்கத்தில் விவரித்தவை அதே அலைத்தடங்கள்தான். ஆனால் சரளைக் கற்களால் ஆனவை, பல மீட்டர் உயரமானவை. பனி அணை உடைந்து ஏரி ஒரேயடியாக வடிந்ததற்கு அவையே சாட்சி. மணற்கல்லைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் விளக்கமே தேவைப்படுவதில்லை. கிரானைட் கற்கள் பனிக்கட்டிகளில் சிக்கி மிதந்து வந்தவை. பிரெட்ஸுக்கு 1979-ல் நிலவியலின் உயரிய விருதுகளில் ஒன்றான பென்ரோஸ் பதக்கம் கிடைத்தபோது அவர் தொண்ணூறைத் தாண்டியிருந்தார்.

“நான்தான் பாறை பேசுகிறேன்” என்று கதை சொல்லும் முறை எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகள் ரசிப்பார்கள், உண்மைதான். ஆனால் இது நமக்கு எப்படித் தெரியவந்தது என்ற பகுதி அதில் காணாமல் போய்விடும். கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

உயிர் காத்த கதையும் உண்டு. இந்தோனேசியாவின் சிமேலு தீவை 1907-ல் சுனாமி தாக்கியது. நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று அந்தத் தீவில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

அதனால் ஆற்றங்கரையில் வண்டல் அடுக்குகளைக் காட்டும்போது, இவை பழைய வெள்ளங்கள் விட்டுப்போனவை என்பதோடு நான் நிறுத்துவதில்லை. அடுத்த அடுக்கு எதுவரை படியும் என்று கேட்கிறேன். தங்கள் வீட்டு வாசல்படி எவ்வளவு உயரம் என்று அங்கேயே கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள்.