வால்வைக் காணாத கேமரா

இதய வால்வின் இதழ் எங்கே தடித்திருக்கிறது, எங்கே சரியாக மூடாமல் இரத்தம் கசிகிறது என்பதையெல்லாம் ஒலி அலைகளால் படமெடுக்கும் எக்கோ பரிசோதனை நேரடியாகக் காட்டிவிடும். கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் அணு மருத்துவப் படத்திலோ வால்வு தென்படுவதே இல்லை. பழுதான வால்வுக்கு ஈடுகொடுத்து உழைக்கும் இதயத்தசை இன்னும் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அதன் வேலை.

முதலில் வெள்ளீய உப்பு அடங்கிய மருந்து ஊசி வழியே செலுத்தப்படுகிறது. அது சிவப்பணுக்களுக்குள் நுழைந்து காத்திருப்பதால், அடுத்துச் செலுத்தப்படும் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் ஹீமோகுளோபினோடு பிணைந்து, வெளியேற வழியின்றி இரத்தத்துடனேயே சுற்றிவருகிறது. அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், சுமார் 6 மணி நேரம். சோதனையை முடிக்க அது தாராளமாகப் போதும். மார்பருகே நிறுத்தப்பட்ட காமா கேமரா, அங்கிருந்து வரும் காமா கதிர்களை எண்ணுகிறது.

ஒரே துடிப்பில் கிடைக்கும் கதிர்களைக் கொண்டு தெளிவான படம் உருவாகாது. எனவே, இசிஜியில் கீழறைகள் சுருங்கத் தொடங்குவதைக் காட்டும் ஆர் அலையைத் தொடக்கமாக வைத்து ஒவ்வொரு துடிப்பையும் 16 அல்லது 24 கூறுகளாகப் பிரித்து, நூற்றுக்கணக்கான துடிப்புகளின் ஒத்த கூறுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். எண்ணிக்கை கூடினால் அறையில் இரத்தம் கூடுதல் என்று பொருள். அறையின் வடிவத்தைப் பற்றி எந்த ஊகமும் தேவையில்லை. கசிவினால் இடது கீழறை விரிந்து உருண்டுபோகும் நோயில் இது சிறிய வசதி அல்ல.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பின்னணிக் கதிர்களைக் கழித்தபின், இடது கீழறையிலிருந்து வந்த கதிர்களின் எண்ணிக்கை அது நிரம்பியிருக்கையில் 20,000, சுருங்கியபின் 8,000 என்று வைத்துக்கொள்வோம். வெளியேறியது 12,000, அதாவது 60 சதவீதம் (இதுவே வெளியேற்ற விகிதம்); பார்வைக்கு நல்ல எண். ஆனால் அதே நேரத்தில் வலது கீழறை 6,000 மட்டுமே வெளியேற்றியிருந்தால், இடப்பக்கம் தள்ளிய இரத்தத்தில் ஏறத்தாழ பாதி கசிந்து திரும்புகிறது என்றாகிறது. வால்வுகள் நலமாக இருந்தால் இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக வந்திருக்க வேண்டும். வலது மேலறையின் நிழல் குறுக்கே விழுவதால் இந்த ஒப்பீடு சற்றுப் பிசகும் என்பதையும் மறக்கலாகாது.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு கசிகையில், நல்ல எண்ணை அப்படியே நம்பக்கூடாது என்ற எச்சரிக்கை இன்னும் முக்கியம். அழுத்தம் குறைந்த இடது மேலறைக்குள் இரத்தத்தைத் தள்ளுவது எளிது என்பதால், தளர்ந்த தசையும் தன்னை வலுவானதாகக் காட்டிக்கொள்கிறது. ஆகவேதான் கடுமையான கசிவில் வெளியேற்ற விகிதம் 60 சதவீதத்துக்கு இறங்கினாலே மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஓய்வில் ஒளிந்திருக்கும் தளர்ச்சி, படுத்தபடி சைக்கிள் மிதிக்கச் சொல்லி எடுக்கும் படத்தில் சில சமயம் வெளிப்படும்.

எக்கோவும் எம்ஆர்ஐயும் வளர்ந்துவிட்ட நிலையில் இது முதலில் கேட்கப்படும் சோதனை அல்ல. எக்கோ தெளிவாகக் கிடைக்காதபோது கைகொடுக்கிறது. ஆனால் மைட்ரல் நோயில் அடிக்கடி வரும் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் (மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நிலை) துடிப்பின் ஒழுங்கைக் குலைத்துவிடும். அப்போது ஒரே நீளமுள்ள துடிப்புகளைப் பொறுக்கி எடுப்பதற்கே நேரம் நீளும்.