வெட்டுக்கிளி தின்ற நிலமும் 1874-ன் விடுப்புச் சட்டமும்

1874 கோடையில் அமெரிக்காவின் கான்சஸ், நெப்ராஸ்கா, மினசோட்டா பகுதிகளில் ராக்கி மலை வெட்டுக்கிளிகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. கோதுமையும் மக்காச்சோளமும் போனது மட்டுமல்ல. வெங்காயத்தை மண்ணுக்குள்ளேயே குடைந்து தின்றன. கை வியர்வை ஊறிய கருவிகளின் மரப்பிடியைக்கூடக் கடித்தன. அப்போதுதான் குடியேறியிருந்த குடும்பங்களிடம் அடுத்த போகத்துக்கு விதையும் இல்லை, குளிர்காலத்துக்குச் சாப்பாடும் இல்லை.

வெளியூர் போய்க் கூலி வேலை பார்க்கலாம் என்றால் சட்டம் குறுக்கே நின்றது. 1862-ம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வரை அரசு நிலம் சொற்பக் கட்டணத்தில் கிடைத்தது. ஆனால் 5 ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால்தான் பட்டா. 6 மாதத்துக்கு மேல் நிலத்தை விட்டுப் போனால் அது அரசுக்கே திரும்பிவிடும். வேறொருவர் வந்து கேட்கலாம். இருந்தால் பட்டினி, போனால் நிலம் பறிபோகும்.

அந்த முடிச்சை அவிழ்த்தது 1874 டிசம்பர் 28-ல் வந்த சட்டம். வெட்டுக்கிளியால் அந்த ஆண்டுப் பயிரை இழந்த, அல்லது பெரும் சேதம் கண்ட குடியேறிகள் 1875 ஜூலை 1 வரை நிலத்தை விட்டு வெளியே இருக்கலாம். சேதத்துக்கு விதிப்படி ஆதாரம் காட்ட வேண்டும். அந்த இடைவெளியில் வேறு யாரும் நிலத்துக்கு உரிமை கோர முடியாது. திரும்பி வந்ததும், வெளியே போகாதவர் போலவே தொடரலாம்.

இதில் கையில் ஒரு காசும் வராது. நிவாரணம் தனி: 1875 பிப்ரவரியில் நாடாளுமன்றம் 1,50,000 டாலர் ஒதுக்கியது, உணவும் உடையும் ராணுவம் வழியாகப் போயின. அது அந்தக் குளிர்காலத்தைத் தாண்ட உதவியது. ஆனாலும் என் கணிப்பில் பெரிய உதவி அந்த விடுப்புதான். வெட்டுக்கிளி எட்டாத ஊரில் அறுவடைக் கூலிக்குப் போன தகப்பன், நிலம் தன் பெயரிலேயே இருக்கும் என்று நம்பிப் போக முடிந்தது.

மாநிலங்கள் வேறு வழியில் போயின. மிசௌரி 1877-ல் பூச்சிக்கு விலை வைத்தது: மார்ச்சில் பிடித்தால் புஷலுக்கு (தானியம் அளக்கும் அளவு, சுமார் 35 லிட்டர்) 1 டாலர், ஏப்ரலில் 50 சென்ட், மே மாதம் 25 சென்ட். குஞ்சாக இருக்கும்போது ஒரு புஷலில் அடங்கும் எண்ணிக்கை மிக அதிகம், அதனால்தான் முதலில் கூடுதல் விலை.

விடுப்புச் சலுகைக்கு ஒரு குறை இருந்தது. 1874-ல் இறங்கியவை மண்ணில் முட்டையிட்டுப் போயிருந்தன. 1875 வசந்தத்தில் அவை பொரித்தன. பல இடங்களில் வயல்கள் மறுபடி மொட்டையாயின. பிந்தைய ஆண்டுகளின் சேதத்துக்கும் நாடாளுமன்றம் அதே சலுகையைத் தர வேண்டியதாயிற்று.