காசுபோல அடுக்கி நிற்கும் சிவப்பணுக்கள்

செல்லூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கல்யாண மண்டபத்தில் நடந்த ஆரோக்கிய முகாமில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, நுண்ணோக்கி வழியாகத் திரையில் காட்டினார்களாம். சிவப்பணுக்கள் ஒட்டி ஒட்டிக் கிடந்தன. “ஆன்டிஆக்ஸிடன்ட் (ஆக்ஸிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் பொருள்) குறைவு” என்று சொல்லி ஒரு டானிக் பாட்டிலை நீட்டினார்களாம். வாங்கலாமா?

வேண்டாம். திரையில் தெரிந்தது நிஜம், சொன்ன காரணம்தான் தப்பு.

சிவப்பணுவின் மேற்பரப்பில் சயாலிக் அமிலம் நிறைய இருப்பதால் அதற்கு எதிர்மின்னூட்டம் உண்டு. ஒத்த மின்னூட்டங்கள் விலகும், பள்ளியில் படித்ததுதான். அப்புறம் எப்படி ஒட்டுகின்றன? ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் மிதக்கும் ஃபைப்ரினோஜன் என்ற நீண்ட புரதம்தான் முக்கியக் காரணம். அதன் நீளம் சுமார் 45 நானோமீட்டர். அது இரண்டு அணுக்களுக்கு நடுவே பாலம் போடுகிறது என்பது ஒரு விளக்கம். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. இரண்டு அணுக்கள் நெருங்கும்போது, நடுவிலுள்ள சந்தில் இந்தப் பெரிய மூலக்கூறுக்கு இடம் போதாது. அதனால் சந்தில் புரதம் குறைவு, வெளியே அதிகம். உடனே சவ்வூடுபரவல் வேலை செய்கிறது: சந்திலிருக்கும் நீர் வெளியே போக, அணுக்கள் இன்னும் நெருங்குகின்றன. தட்டையான முகங்கள் ஒன்றோடொன்று பொருந்தி, சில்லறைக் காசை அடுக்கியதுபோல நிற்கின்றன. எந்த விளக்கத்துக்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

இது ரத்தம் உறைவது அல்ல. ரத்தம் வேகமாக ஓடினாலே அடுக்கு கலைந்துவிடும். ஸ்லைடில் அசையாமல், உலர்ந்துகொண்டிருக்கும் சொட்டில் யார் ரத்தமும் இப்படி அடுக்கலாம். ரத்த வங்கி டெக்னீஷியன்களுக்கு இது பழகிய விஷயம். அணுக்கள் திரண்டிருந்தால், பிளாஸ்மாவை எடுத்துவிட்டு சலைன் விட்டுப் பார்ப்பார்கள். வெறும் அடுக்காக இருந்தால் பிரிந்துவிடும். பிரித்தது டானிக் இல்லை, உப்புத்தண்ணீர்! அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் நல்ல நுண்ணோக்கி வாங்க நிதி ஒதுக்கினால், இத்தகைய முகாம்களுக்குக் கூட்டம் சேராது என்பது என் உறுதியான எண்ணம்.

நோய்த்தொற்று வந்தால் கல்லீரல் ஃபைப்ரினோஜனைக் கூடுதலாகச் சுரக்கும். அடுக்குகள் பெருகி, குழாயில் நிறுத்தி வைத்த ரத்தத்தில் சீக்கிரம் அடியில் இறங்கும். இதற்கென்றே உள்ள வெஸ்டர்கிரென் குழாயில் 1 மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று பார்ப்பதுதான் ஈ.எஸ்.ஆர். (சிவப்பணு படியும் வேகம்) சோதனை. ரத்தசோகையிலும் கர்ப்ப காலத்திலும்கூட அது ஏறும்.

சரி, ஆன்டிஆக்ஸிடன்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வேறு வேலை. அணுவுக்குள் குளுட்டாதயோனும், சவ்வில் வைட்டமின் ஈ-யும் காவல் காக்கின்றன. அந்தக் காவல் தளர்ந்தால், சவ்வின் உட்புறம் இருக்கவேண்டிய பாஸ்ஃபாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் தலைகாட்டும். அப்போது அணு ரத்தக்குழாய்ச் சுவரிலேயே ஒட்டக்கூடும். அரிவாளணுச் சோகையிலும் சர்க்கரை நோயிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். முகாமில் காட்டிய மாதிரி சாதாரண நுண்ணோக்கியில் இது தெரியாது. பிளாஸ்மாவில் ஏராளமாக இருக்கும் அல்புமின் என்ற புரதமே ஒரு முக்கியமான ஆன்டிஆக்ஸிடன்ட். உடம்பு அதைக் கல்லீரலில் தானே தயாரித்துக்கொள்கிறது.

வாசகிக்குச் சோர்வோ காய்ச்சலோ இருந்தால், அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபினும் ஈ.எஸ்.ஆரும் பார்த்துக்கொள்ளட்டும்.